முதல் குகைய தாண்ட 15 வருஷம்: டைட்டன் குவெஸ்ட்

2007ல பத்தாவது பரீட்சை முடிஞ்ச லீவுக்கு அம்மாபேட்டை பெரியப்பா வீட்டுலதான் கெடந்தேன். கீழ தறி ஓடும், மேல மாடி ரூம்ல அண்ணனோட கம்ப்யூட்டரு, தறி சத்தத்துல ஸ்பீக்கர் இருந்தும் பிரயோஜனமில்ல, அதனால எங்களுக்கு கேமுன்னாலே ஊமைப்படம்தான். பழைய பஸ்ஸ்டாண்டு பக்கம் ஒரு சிடி கடை இருந்துச்சு, 50 ரூவாய்க்கு ஒரு டிவிடி, ஜெராக்ஸ் கவரு, டிவிடி மேல ஸ்கெட்ச் பேனால கோணக்கமாணக்கன்னு பேரு. அப்படி வந்து சேந்ததுதான் டைட்டன் குவெஸ்ட். அமெரிக்கால 2006 ஜூன்ல வந்த கேமு, எங்க கைக்கு வர ஒரு வருஷம் ஆச்சு.

ஆரம்பமே சூப்பரா இருந்துச்சுங்க. கிரீஸ் தேசம், ஹெலோஸ்னு ஒரு கிராமம், ஆட்டுக்காலு வச்ச சாட்டிருங்க வந்து வயக்காட்டையெல்லாம் நாசம் பண்ணிட்டு திரியுது, நாம ஒத்தையாளா கத்திய வச்சுகிட்டு போய் வெரட்டணும். அடிச்சா அவனுங்க அப்படியே பறந்து போய் பாறையில விழுறான், கை கால் ஒரு பக்கம் மடங்குது, அந்த வருஷத்துக்கு அது பெரிய விஷயம், நாங்க ரெண்டு பேரும் ஒரே சாட்டிரை திரும்பத் திரும்ப அடிச்சு பறக்கவிட்டு சிரிச்சுகிட்டு கெடந்தோம். அப்பறம் ஒரு குகை வந்துச்சு. உள்ள போய் எல்லாத்தையும் காலி பண்ணிட்டு வெளிய வந்து, வெளிச்சம் கண்ணுல படுற நேரத்துக்கு பொட்டுன்னு டெஸ்க்டாப். எர்ரர் மெசேஜ் கெடயாது, ஒண்ணும் கெடயாது, அண்ணன் வச்சிருந்த முருகன் வால்பேப்பரு எங்கள பாத்து சிரிச்சுகிட்டு இருக்காரு.

மறுபடி போனோம், மறுபடி அதே எடத்துல புடுங்கிக்கிச்சு. டிரைவர் மாத்தி போட்டோம். ரேமை கழட்டி அழிரப்பர் வச்சு தேச்சு மாட்டினோம் (அந்த காலத்துல கம்ப்யூட்டர்ல எந்த வியாதிக்கும் அதான் மொத வைத்தியம்). விண்டோஸையே தூக்கிட்டு புதுசா போட்டோம், அதுல அண்ணனோட காலேஜ் ப்ராஜெக்ட் போச்சு, அதுக்கு பெரியப்பாகிட்ட வாங்கின அர்ச்சனை தனிக்கதை. கடைசில சிடி கடைக்கே போய் கேட்டா, "கேமே அப்படித்தான் தம்பி, கம்பெனிக்காரனே ஒழுங்கா பண்ணல, வேற எதாச்சும் எடுத்துக்க"ன்னாரு. நாங்களும் நம்பிட்டோம். நம்புனதோட விட்டமா, ஸ்கூல்ல டியூஷன்ல எவன் கேட்டாலும் "அதுவா, மொக்க கேமுடா, ஃபுல்லா பக்கு, காசு வேஸ்ட்"னு சொல்லி ஒரு பத்து பேராச்சும் அத வாங்கவிடாம பண்ணிருப்போம். வாங்கறதுன்னா அதே 50 ரூவா டிவிடிதான், ஆனா பேரு கெட்டது கெட்டதுதானே.

அந்த குகைக்கு அந்தப்பக்கம் என்ன இருக்குன்னு நான் பாத்தது 2022ல.

நடுவுல ஒருநாள்தான் விஷயமே தெரிஞ்சுது, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டேன். இந்த கேம பண்ணது அயர்ன் லோர்னு ஒரு சின்ன கம்பெனி, வெளியிட்டது டிஎச்க்யூ. 2008 பிப்ரவரில அயர்ன் லோர இழுத்து மூடுனாங்க. அப்ப டிஎச்க்யூல இருந்து இந்த கேமுக்கு வேலை பாத்த மைக்கேல் ஃபிட்ச்ங்கிறவரு வயிறெரிஞ்சு ஒரு பெரிய பொலம்பல வெளிப்படையாவே எழுதினாரு. அதுல இருக்கு எங்க கதை. கேமு கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே கிராக் பண்ணி, அதாவது திருட்டு காப்பிய தடுக்கற பூட்டை ஒடச்சு, நெட்டுல விட்டுட்டானுங்க, ஆனா அவசரத்துல அரைகுறையா பண்ண கிராக்கு. வாசக்கதவு பூட்டை ஒடச்சவனுக்கு உள்ள பீரோவுக்கும் ஒரு பூட்டு இருக்குன்னு தெரியல. கேம் ஓபன் ஆகும், நல்லாவே ஓடும், ஆனா குவெஸ்ட் ஒண்ணு ஆரம்பிக்கிற எடத்துல ஒரு செக்கு, மேப்பு லோட் ஆகுற எடத்துல இன்னொரு செக்குன்னு உள்ளயே ஒளிச்சு வச்சிருந்தாங்க, அசல் காப்பி இல்லன்னு தெரிஞ்சா சத்தமில்லாம கேம் மூடிக்கும். நெறய பேரு மொத குகைய விட்டு வெளிய வந்ததும் கிராஷ் ஆகுதுன்னு கத்துனாங்களாம், அந்த எடத்துலதான் ஒரு செக்கு இருந்துச்சாம்.

படிச்சுட்டு அண்ணனுக்கு போன் போட்டேன். "டேய், அப்ப ரேமு நல்லாத்தான் இருந்துச்சா?"ன்னான். அதுதான் அவன் கேட்ட மொத கேள்வி.

இதுல எனக்கு இன்னிக்கும் ஆறாத ஒரு விஷயம் என்னன்னா, அந்த பூட்டு வாயத்தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இது திருட்டு காப்பி, காசு குடுத்து வாங்குடா"ன்னு ஒரு வரி போட்டிருந்தா நாங்க வெக்கப்பட்டுகிட்டு மூடியிருப்போம், கேம குத்தம் சொல்லிருக்க மாட்டோம். 2009ல பேட்மேன் ஆர்க்கம் அசைலம் வந்தப்ப திருட்டு காப்பில பேட்மேனால சிறகை விரிச்சு மெதக்க முடியாது. 2011ல சீரியஸ் சாம் 3ல சாவே இல்லாத ஒரு ராட்சச தேளு தொரத்தி தொரத்தி அடிக்கும். அதெல்லாம் பாத்தா எவனும் பக்குன்னு ரொம்ப நாள் நெனைக்க மாட்டான், வேணும்னு பண்ணிருக்கான்னு புரிஞ்சு சிரிப்பான். டைட்டன் குவெஸ்ட்ல ஆனது உல்டா, பூட்டு வேலை செஞ்சுது, ஆனா பழி பூரா வீட்டுக்காரன் மேல விழுந்துச்சு. அதுக்காக எங்க 50 ரூவா டிவிடியாலதான் கம்பெனி மூடுச்சுன்னும் சொல்ல மாட்டேன், அடுத்த கேமுக்கு பணம் போட ஆளு கெடைக்கலன்னுதான் அவங்களே சொன்னாங்க. ஆனா "பக்கு கேமு"ங்கிற பேரு வந்ததுல சேலத்துல எங்க பங்கும் இருக்கு, மறுக்க முடியாது.

சரி கேமுக்கு வர்றேன், இப்ப வாங்கலாமான்னுதானே கேக்கறீங்க.

நான் ஆடுறது ஆனிவர்சரி எடிஷன். டிஎச்க்யூ திவாலானதுக்கு அப்பறம் 2013ல நார்டிக் கேம்ஸ்ங்கிற கம்பெனி இத வாங்குச்சு, அவங்களே பின்னாடி பேர டிஎச்க்யூ நார்டிக்னு மாத்திகிட்டாங்க, 2016 ஆகஸ்ட்ல பழைய கேமையும் இம்மார்ட்டல் த்ரோன்ங்கிற எக்ஸ்பான்ஷனையும் (பின்னாடி வந்த கூடுதல் கதை) ஒண்ணா சேத்து சரி பண்ணி விட்டாங்க. ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடைல பழசு வச்சிருந்தவங்களுக்கு சும்மாவே குடுத்தாங்க. 2021 செப்டம்பர்ல எல்லாருக்குமே கொஞ்ச நாள் இலவசமா குடுத்தாங்க, அத நான் தவற விட்டுட்டு அடுத்த வருஷம் சேல்ல காசு குடுத்து வாங்கினேன், ஆனா வருத்தமில்ல, பழைய பாக்கி ஒண்ணு இருந்துச்சே.

ஆட்டம் என்னன்னா டயாப்லோ மாதிரிதான், மேல இருந்து பாக்குற கேமரா, கிளிக் பண்ணி கிளிக் பண்ணி அடிக்கணும், விழுற சாமான பொறுக்கணும். "டயாப்லோ காப்பி"ன்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும், ஆனா இதுல பேயி, நரகம், இருட்டுன்னு மூஞ்சிய தூக்கி வச்சுகிட்டு இருக்க மாட்டாங்க, வெயிலு அடிக்கும், கோதுமை வயலு காத்துல ஆடும், நீங்க நடந்தா பயிரு வெலகி வழி விடும். கிரீஸ்ல ஆரம்பிச்சு எகிப்து போயி, பாபிலோன் தொங்கும் தோட்டம், பட்டுப்பாதை, சீனப் பெருஞ்சுவர்னு நடந்தே போறோம், கடைசில ஒலிம்பஸ் மலைல டைஃபோன்னு ஒரு ராட்சசன். அது முடிஞ்சா இம்மார்ட்டல் த்ரோன்ல பாதாள லோகத்துக்கே எறங்கணும், எமன் மாதிரி ஹேடிஸ். கதை பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா ஊருக்கு ஊரு ஒரு கதை சொல்றவரு நிப்பாரு, அவர கிளிக் பண்ணினா அந்த ஊரு புராணத்த நிதானமா சொல்லுவாரு. நம்ம பக்கம் திருவிழாவுல விடிய விடிய கூத்து பாத்து வளந்தவனுக்கு அது புடிக்கும். குரல் குடுத்தவங்க மட்டும் பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகம் மாதிரி பேசுறாங்க, அதுக்கு தறி சத்தமே தேவலாம்.

இதோட உயிரே மாஸ்டரிதான். ஒரு வித்தைய மொதல்ல எடுத்துக்கலாம், லெவல் 8ல ரெண்டாவது ஒண்ணு, ரெண்டும் சேந்தா ஒரு பட்டம் வரும். வார்ஃபேரும் டிஃபென்ஸும் எடுத்தா கான்கரரு, எர்த்தும் ஸ்டார்மும் எடுத்தா எலிமென்டலிஸ்ட்டு. நான் எடுத்தது நேச்சரும் எர்த்தும், பட்டம் சம்மனர். ஓநாய்ங்க கூட்டமா ஓடும், பின்னாடி நெருப்புக்கல்லுல செஞ்ச ஒரு குண்டன் வருவான், வில்லு வச்ச ஒரு தேவதை பக்கத்துல நிக்கும், எல்லா சண்டையும் அவங்களே போட்டுக்குவாங்க. ஓநாய்ங்க அடிக்கற சத்தம் கேக்கும், நான் ஒரு கைல காப்பிய வச்சுகிட்டு மறு கைல சாமான் பொறுக்குவேன். எங்க தோட்டத்து காப்பி, அதனால சீக்கிரம் வெக்க மனசு வராது. எபிக்ங்கிற கஷ்டமான லெவலுக்கு போனா ஓநாய்ங்க தொப்பு தொப்புன்னு விழும், அப்ப டம்ளர கீழ வச்சுத்தான் ஆகணும்.

எனக்கு ரொம்ப புடிச்ச ஒரு சின்ன விஷயம், எதிரி கைல என்ன வச்சிருக்கானோ அதத்தான் போடுவான். சாட்டிரு கைல பளபளன்னு ஒரு ஈட்டி இருந்தா அவன அடிச்சா அதே ஈட்டி விழும். அதனால தூரத்துல ஒருத்தன் கைய பாத்தே ஆசை வந்துடும், செவ்வாப்பேட்டை வெள்ளிக்கடைல கண்ணாடிக்கு வெளிய நின்னு கொலுசு பாக்குற மாதிரி.

கொறைன்னு பாத்தா மேப்பு மாறவே மாறாது, ரெண்டாவது தடவை ஆடினாலும் அதே பாதை அதே வளைவு. எகிப்துல கல்லறைக்குள்ள கல்லறையா போட்டு சாவடிப்பாங்க, அங்கதான் பாதிப்பேரு விட்டுட்டு ஓடுறது. பைல எடம் பத்தாது. ஆளு நடக்குறதும் மெதுவு, ஆனா ஆனிவர்சரில கேம் ஸ்பீட ஏத்திக்க ஒரு ஆப்ஷன் வச்சிருக்காங்க, மொத வேலையா அத ஏத்திடுங்க. ரக்னராக் (2017), அட்லாண்டிஸ் (2019), எடர்னல் எம்பர்ஸ் (2021)னு தனித்தனியா காசு குடுத்து வாங்குற எக்ஸ்பான்ஷனும் இருக்கு. ரக்னராக் வாங்கலாம், மத்தத மொதல்ல இத முடிச்சுட்டு யோசிங்க.

இப்ப பூட்டு விஷயத்துக்கு திரும்பி வர்றேன், ஏன்னா எனக்கு ஏற்காட்டுல நாகலூர் பக்கம் வீடு, வாரம் பூரா கீழ சேலத்துல வேலை, சனி ஞாயிறு மேல. மேல வந்து பாத்தாத்தான் இந்த காப்பி ப்ரொடெக்‌ஷன்ங்கிறது யாரை கட்டிப்போடுதுன்னு தெரியும். மழைக்காலத்துல சில்வர் ஓக்கு மரம் ஒண்ணு லைன் மேல சாஞ்சா கரண்டு ஒரு நாள், நெட்டு ரெண்டு நாள் போயிடும். போன்ல ஒரு புள்ளி சிக்னல் வேணும்னா மிளகுக்கொடி ஏத்தின மரத்துக்கு அந்தப்பக்கம் பாறை மேல ஏறி நிக்கணும்.

டைட்டன் குவெஸ்ட் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பெரிய கம்பெனியோட ஃபேன்டஸி ஆக்‌ஷன் ஆர்பிஜி கேமு ஒண்ணு, பேரு வேணாம், போனஸ் காசுல முழு வெலை குடுத்து வாங்கினேன். கீழ அண்ணன் வீட்டு ஃபைபர்ல ராத்திரி பூரா டவுன்லோட் போட்டு, லேப்டாப்ப பைல வச்சு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, ஞாயித்துக்கெழமை, வெளிய மூடுபனி, அடுப்புல பணியாரம், அதுக்கு மேல என்ன வேணும்னு ஓபன் பண்ணா "இன்டர்நெட் கனெக்‌ஷன் தேவை"ங்குது. முந்தின நாள்தான் கீழ ஓபன் பண்ணி பாத்தேன், நல்லா ஓடுச்சு. நடுவுல விண்டோஸ் அப்டேட் ஒண்ணு ஆயிருக்கு, அதனால இது வேற மெஷினோன்னு அதுக்கு சந்தேகம் வந்துருச்சு போல. பாறை மேல லேப்டாப்ப தூக்கிகிட்டு ஏறினேங்க, மழைல, எங்க அப்பா கீழ நின்னு "குரங்கா நீயி"ன்னு கேக்குறாரு. சுழலுது, சுழலுது, டைம் அவுட். காசு குடுத்தவனுக்கு அந்த வாரம் பணியாரம் மட்டும்தான்.

இது எனக்கு மட்டும் வந்த கூத்து இல்ல. 2012 மே 15 அன்னிக்கு டயாப்லோ 3 வந்துச்சு, தனியா ஆடினாலும் சர்வர்ல லாகின் பண்ணாம ஆட முடியாதுன்னு வச்சிருந்தாங்க, மொத நாளே உலகம் பூரா வாங்கினவன் எல்லாம் எர்ரர் 37ன்னு ஒரு பொட்டியத்தான் பாத்துகிட்டு உக்காந்திருந்தான். இங்க அப்ப கரண்டே இல்ல, அதனால எங்களுக்கு எர்ரர் 37கூட வரல. 2014ல டெனுவோன்னு ஒரு புது பூட்டு வந்துச்சு, லார்ட்ஸ் ஆஃப் த ஃபாலன் மாதிரி கேமுங்கதான் அதுக்கு மொத போணி. பழைய டிவிடி பூட்டு கதை இன்னும் மோசம், 2015ல விண்டோஸ் 10 வந்தப்ப சேஃப்டிஸ்க், செக்யூரோம்னு அந்த காலத்து பூட்டு இருந்த நெறய கேமு ஓடாமலே போச்சு, பாதுகாப்புக்கு ஆபத்துன்னு மைக்ரோசாஃப்ட்டே கைய விட்டுருச்சு. அசல் டிவிடிய பீரோல பத்திரமா வச்சிருந்தவன் முழிச்சான், கிராக் வச்சிருந்தவன் ஜம்முனு ஆடினான். நியாயமா இது?

அஞ்சு ரோட்டு பக்கம் ஒரு கேமிங் கடை இருக்கு, மணிக்கு இவ்வளவுன்னு கேமுக்கு உக்காரலாம், அங்க இந்த பேச்ச எடுத்தா தட்டுவடை செட்டு நாலு பிளேட் தீந்தாலும் பேச்சு தீராது. ஒருத்தன், "அஞ்சாயிரத்துக்கு கேமு வித்தா கிராக்குதான்டா போடுவோம், எங்கப்பன் வாரத்துல எடுக்கற கூலிடா அது"ங்கிறான், அவன் சொல்றத முழுசா தள்ளவும் முடியல. சாஃப்ட்வேர் கம்பெனில வேலை பாக்குற ஒருத்தன், "மொத ரெண்டு வாரம் விக்கிறதுதான்டா காசு, அந்த ரெண்டு வாரத்துக்கு பூட்டு போட்டு அப்பறம் எடுத்துடட்டுமே"ங்கிறான், இதுல எனக்கும் பாதி சம்மதம், நெறய கம்பெனி கொஞ்ச வருஷம் கழிச்சு டெனுவோவ எடுத்தும் விடுறாங்க. இன்னொருத்தன் எதுக்கெடுத்தாலும் விட்சர் 3ங்கிறான், "மொத நாள்லயே பூட்டே இல்லாம வித்தான், 2023லயே 5 கோடி காப்பி தாண்டிட்டான், அப்ப என்னடா சொல்ற?" அதுக்கு சாஃப்ட்வேர்காரன், "எல்லாரும் விட்சர் 3 பண்ண முடியுமாடா, அயர்ன் லோர் மாதிரி சின்ன கம்பெனி என்ன பண்ணும்?"னு என் பக்கம் திரும்புனான். நான் தட்டுவடைல கவனமா இருந்தேன்.

அதனாலதான் டைட்டன் குவெஸ்ட்ட ஜிஓஜிங்கிற ஆன்லைன் கடைல வாங்கினேன். அங்க பூட்டே கெடயாது, இன்ஸ்டாலரை எறக்கி பென்டிரைவ்ல போட்டுகிட்டா போதும், லாகின் வேணாம், நெட்டு வேணாம், மலைல மழை பேஞ்சா பேயட்டும். கீழ எறக்கி மேல கொண்டு வந்து போட்டேன், மொத தடவையே ஓபன் ஆச்சு. ஒரு காலத்துல உள்ளயும் வெளியயும் பூட்டு போட்டு பேரு கெட்ட அதே கேமு. எங்கள மாதிரி நெட்டு இல்லாத ஊர்ல இருக்கறவங்க கண்ண மூடிகிட்டு இந்த வெர்ஷன வாங்கலாம், பழைய லேப்டாப்புலயும் தாராளமா ஓடும். அயர்ன் லோர்ல இருந்த சில பேரு சேந்து பண்ணின க்ரிம் டான் (2016) இன்னும் ஆழமான ஆட்டம், ஆனா ஒரே இருட்டு, எனக்கு இந்த வெயில்தான் வேணும்.

போன மாசம் அண்ணன் குடும்பத்தோட மேல வந்திருந்தான். ராத்திரி எல்லாரும் படுத்ததும் லேப்டாப்ப அவன் பக்கம் தள்ளினேன். ஹெலோஸ், சாட்டிரு, வயலு, எல்லாம் ஞாபகம் இருந்துச்சு அவனுக்கு. குகைக்குள்ள போனான், அடிச்சான், வெளிய வர்ற எடத்துல மவுச விட்டுட்டு கைய மடியில வச்சுகிட்டான். "நீ நடத்துடா"ன்னான். நான் ஒரு கிளிக் தட்டினேன். வெளிச்சம் வந்துச்சு, ஆளு நடந்து போறான், ஒண்ணும் ஆகல. அண்ணன் ஸ்கிரீன்ல மூக்கு இடிக்கிற மாதிரி குனிஞ்சு, "இந்த ரோடு எங்கடா போகுது?"ன்னான். விடிகாலை மூணு மணிக்குத்தான் படுத்தோம், அண்ணி காலைல ரெண்டு பேருக்கும் காப்பி குடுக்கல.

கெளம்பறப்ப மெதுவா கேக்குறான், "பூட்டுதான் இல்லியே, அந்த பென்டிரைவ நான் எடுத்துட்டு போயி காப்பி பண்ணிக்கட்டுமா?" இத்தனை வருஷத்துக்கப்பறமும் அதே புத்தி. டேய் சேல்ல வந்தா ரொம்ப கம்மிதான்டா, காசு குடுத்து வாங்குடான்னேன். வாங்குறேன் வாங்குறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறினான். இன்னும் வாங்கல. பென்டிரைவையும் காணோம்.